திரவியம் அத்தானின் வெண்கலக் கால்

வெண்கலப் பாத்திரக் கடைக்காரர் காலு வெண்கலம் மாதிரி கணீர்னு அடிச்சா அதுல வாயப் பொளக்க என்ன இருக்கு, பூக்கடைக்காரர் காலு அப்படி அடிச்சாத்தான் யோசிக்கணும்னு எங்க வடமலைப்பேரி ஊரு ஒரே சாயங்காலத்துல முடிவு பண்ணிட்டு, மறுநாள் விடிஞ்சதும் அந்தக் காலை எதுக்கெல்லாம் உபயோகப்படுத்தலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டுது. எங்க ஊர்க்காரங்க அப்படித்தான். வானத்துல இருந்து யானை விழுந்தாலும் அது எப்படி விழுந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, சாமி ஊர்வலத்துல முன்னால விட்டுக்கிடலாமான்னுதான் கேப்பாங்க.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் திரவியம், எங்க அக்கா ஆவுடையோட வீட்டுக்காரர், எனக்கு அத்தான். தெற்கு ரதவீதியில பாத்திரக் கடை. யார் வந்து குடமோ உருளியோ கேட்டாலும், அதை இடது கை விரல் நுனியில ஏந்தி, வலது கை நடுவிரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டி, தலையச் சாய்ச்சு, கண்ணை மூடி, நாதம் அடங்குற வரைக்கும் கேட்டுட்டு, "கேட்டியளா, கீறல் கிடையாது"ன்னு சொல்லுவாரு. கீறல் விட்ட பாத்திரத்தத் தட்டினா சொத்துன்னு இருக்கும், நல்ல பாத்திரம் கணீர்னு பேசும். அத்தானுக்குத் தெரிஞ்ச சாஸ்திரம் இது ஒண்ணுதான், இதை வச்சுத்தான் தேங்காய், வீட்டுச் சுவரு, எனக்குப் பார்த்த மாப்பிள்ளை எல்லாத்தையும் எடை போட்டாரு. என் வீட்டுக்காரரோட முதுகுல ரெண்டு தட்டுத் தட்டிட்டு, "சரி, முடிச்சிருவோம்"னாரு. அவருக்கு அப்படி என்ன கேட்டுச்சோ, எனக்கு இன்னும் கேக்கல. சர்க்கரை வியாதி அத்தானுக்குப் பல வருசமா உண்டு, சிகரெட்டு அதைவிடப் பழைய சிநேகிதம், ரெண்டும் வெளிய தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான்.

ஒரு கார்த்திகைக் காலையில அவர் கடைக்கு நடந்து போயிட்டு இருக்கும்போது, தபாலாபீஸ் பக்கத்துல வலது கெண்டைக்கால் ஈரத்துணியப் பிழியுற மாதிரி இறுக்கிப் பிடிச்சு, அந்த வலியோட கூடவே காலுக்குள்ள இருந்து கணீர்னு ஒரு சத்தம் வந்துச்சு. அங்க வேப்பமரத்தடியில ஒரு பெஞ்சு உண்டு. அதுல உக்காந்தாரு, வலியும் சத்தமும் அடங்கிப் போச்சு. எழுந்து நடந்தாரு, கொஞ்ச தூரத்துல ரெண்டும் திரும்பி வந்துச்சு. நடந்தா வரும், உக்காந்தா போகும். இதை முதல்ல கவனிச்சது எங்க அக்கா, ஊரு கவனிச்சது சத்தத்த மட்டும்தான்.

முதல் தடவை காலு அடிச்ச நேரம் பாத்து அதே மரத்தடியில கல்யாணத் தரகர் இசக்கியாபிள்ளை ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கிட்ட மாசக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடந்த ஒரு சம்பந்தத்தப் பேசிட்டு இருந்தாரு. "அப்போ முடிச்சிருவோமா?"ன்னு இசக்கியாபிள்ளை கேட்டதும், கணீர். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. நாலு பேரு கூடி நல்ல காரியம் பேசும்போது கோயில் மணி அடிச்சா, அது சாமியே சரின்னு சொன்ன மாதிரி, அதுக்கு மேல பேச்சே கிடையாது. மாப்பிள்ளையோட அப்பா தோள்ல கிடந்த துண்ட இடுப்புல கட்டிக் கும்பிட்டுட்டுச் சம்மதம்னு சொல்லிட்டாரு. காலைப் பூசை முடிஞ்சு கோயில் நடை சாத்தியிருக்கே, மணி எங்க இருந்து வந்துச்சுன்னு இசக்கியாபிள்ளை சுத்துமுத்தும் பார்த்தவரு, கெண்டைக்காலப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க அத்தானக் கண்டாரு. கண்டதும் அவர் முகத்துல வந்த பிரகாசம் இருக்கே, அதை நான் என் வாயால சொல்ல விரும்பல.

அன்னையில இருந்து வடமலைப்பேரியில அத்தான் இல்லாம ஒரு நல்ல காரியம் நடக்கல. பெண்ணு பாக்கப் போனா அத்தான், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினா அத்தான், பத்திரம் பதிஞ்சா அத்தான், வார்டு தேர்தலுக்கு நின்ன மூணு கட்சிக்காரங்களும் மனுத் தாக்கல் பண்ணும்போது தனித்தனியா அத்தான். மூணு பேருக்கும் கணீர்னு அடிச்சுது, ரெண்டு பேரு தோத்தாங்க, அதைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. ஆனா உக்காந்த இடத்துல காலு பேசாதே, நடந்து வலிக்கணும்லா, அதனால அத்தானக் காருல கூட்டிட்டு வந்தவங்க கூட, வீட்டு வாசல்ல இறக்கிவிட்டு, "அண்ணாச்சி, ஒரு சுத்து சுத்தி வந்திருங்க"ன்னு வீட்டச் சுத்தி நடக்கவிட்டாங்க. அவர் முகம் சுருங்குறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்து, பல்லக் கடிக்கிற நேரம் வந்ததும், "ஆங், இப்ப பேசுங்க, இப்ப பேசுங்க"ன்னு உள்ளே குரல் கொடுப்பாங்க. அடிச்சு முடிஞ்சதும் அவருக்குத்தான் முதல் பந்தி, முதல் வடை, ரெண்டாம் பாயசம். சர்க்கரைக்காரருக்கு ஊரு செஞ்ச மரியாதை அது.

அத்தானையும் குத்தம் சொல்லாம இருக்க முடியல. காலமெல்லாம் அடுத்தவன் பாத்திரத்தத் தட்டித் தட்டிக் கேட்ட மனுசன், இப்ப ஊரே காதத் தீட்டிக்கிட்டு அவரக் கேட்டுச்சு. அதுல ஒரு மயக்கம். கண்ணாடி முன்னால நின்னு வேட்டிய முழங்கால் வரைக்கும் தூக்கிக் காலத் திருப்பித் திருப்பிப் பாப்பாராம், அக்கா சொன்னா.

அந்த அக்காதான் தை பிறக்கிறதுக்கு முன்னால அவர இழுத்துட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனா. நானும் கூடப் போனேன். டாக்டர் மெர்சி ரூபா சின்ன வயசு, சிரிச்ச முகம். அத்தானோட பாதத்துல விரல வச்சு நாடியத் தேடினாங்க, இந்தப் பக்கம் தேடினாங்க, அந்தப் பக்கம் தேடினாங்க, சிரிப்பு மெல்ல மெல்லக் குறைஞ்சுது. காலு படம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. படத்துல எலும்ப ஒட்டி ரயில் தண்டவாளம் மாதிரி வெள்ளையா ரெண்டு கோடு ஓடிச்சு.

"ரத்தக் குழாயில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றாங்க டாக்டர்.

அத்தான் குனிஞ்சு கெண்டைக்கால விரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டி, தலையச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "நாதத்தக் கேட்டியளா டாக்டரம்மா? கீறல் கிடையாது" என்றாரு.

"நாதம் நல்லாத்தான் இருக்கு. குழாய்தான் நல்லா இல்ல. உங்க ஊர்ல போர் தண்ணி வாற பைப்ப அறுத்துப் பாத்திருக்கியளா? உள்ள வெள்ளையா உப்பு பிடிச்சு ஓட்டை சுருங்கிப் போயிருக்கும்லா?"

"வருசா வருசம் மாத்துதோம்."

"அடுக்களைப் பைப்புல உப்பு பிடிச்சா குளியலறைப் பைப்பு மட்டும் சுத்தமா இருக்குமா? ஒரே தொட்டித் தண்ணிதான. காலுக்கு ஒரு ரத்தம், நெஞ்சுக்கு ஒரு ரத்தம்னு தனித்தனியா ஓடல. கால்ல இவ்வளவு படிஞ்சிருந்தா நெஞ்சுலயும் படிஞ்சிருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. காலு பரவாயில்ல, வலிச்சுக் காட்டுது, சத்தம் போட்டுச் சொல்லுது. நெஞ்சு இவ்வளவு மரியாதையா முன்கூட்டிச் சொல்லாது. இந்த வாரமே மதுரைக்குப் போயி நெஞ்சச் சோதிச்சுப் பாருங்க. சிகரெட்ட இன்னையோட விடுங்க."

எந்தச் சிகரெட்டுன்னு அத்தான் கேட்டாரு. அக்கா அவர் சட்டைப் பையத் தொட்டுக் காட்டினா.

வெளிய வந்தா இசக்கியாபிள்ளை குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. விசயத்தக் கேட்டுட்டு, நெஞ்சுல கைய வச்சு, ரொம்ப வருத்தப்பட்டு, "போகத்தான் வேணும் அண்ணாச்சி, உடம்பு முக்கியம்லா. தை ஒண்ணு முடியட்டும், முகூர்த்த மாசம்" என்றாரு. தை முடிஞ்சுது. மாசியில கோயில் கொடைத் திருவிழா முடியட்டும்னாரு. மாசி முடிஞ்சுது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல கூட்டம் கூடுமே, அதுவும் முடியட்டும்னாரு. எங்க ஊர்ல எந்த மாசந்தான் சும்மா முடிஞ்சிருக்கு, ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு சாமி காவல் இருக்கு, அந்தந்தச் சாமியத் தாண்டி எங்க அக்காவால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக முடியல.

அதுக்குள்ள தூரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தபாலாபீஸ்ல அடிச்ச காலு டீக்கடையில அடிச்சுது, டீக்கடையில அடிச்சது தெருமுனையில அடிச்சுது, தெருமுனையில அடிச்சது வாசப்படியத் தாண்டினதும் அடிச்சுது. டாக்டர் மெர்சி இதக் கேட்டுட்டுத் தலையில கைய வச்சாங்க. ஊரு கேட்டுட்டுச் சந்தோசப்பட்டுச்சு, அண்ணாச்சிக்கு அருள் கூடிக்கிட்டே போகுதுன்னு. வழியில அவர் உக்காந்து உக்காந்து சத்தத்த நிறுத்திடுதாருன்னு தேர் கமிட்டி கூடிப் பேசி, வேப்பமரத்தடிப் பெஞ்ச எடுத்துட்டுப் போயி கோயில் பிரகாரத்துல போட்டுச்சு. கமிட்டிச் செயலாளர் யாருன்னு நினைக்கீங்க, இசக்கியாபிள்ளைதான். ஒரு மனுசன் வலிச்சா உக்காருறதுக்கு ஒரு பலகை, அதைக்கூட எடுத்துட்டாங்க.

ஒரு மத்தியானம் அக்கா எங்க வீட்டு அடுக்களையில வந்து உக்காந்தா. கைய விரிச்சு விரிச்சுப் பாத்தா.

"ஏட்டி பிரமு, அந்தப் பாதத்தத் தொட்டா ஐஸ்கட்டி மாதிரி சில்லுன்னு இருக்குட்டி. என் ரெண்டு கையாலயும் பொத்திப் பொத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், சூடே ஏற மாட்டேங்குது. நேத்து நாலு பேரு வந்து தொட்டுக் கும்பிட்டுட்டு, சாமி குளுந்திருக்குன்னு சொல்லிட்டுப் போறாளுவ. மாடியேறினா மூச்சு வாங்குது. இடது தோளு கனக்குன்னு சொல்லுதாரு. எனக்குப் பயமா இருக்குட்டி."

"கட்டித் தூக்கிட்டுப் போயிருவோம்க்கா."

"யாரு தூக்குவா? தூக்குற ஆளுவ எல்லாம் அந்தப் பக்கம்லா நிக்கானுவ."

கண்ணத் துடைச்சுட்டு எழுந்து போனா. போறவ வாசல்ல நின்னு, "நடந்தா அடிக்கி, உக்காந்தா நிக்கி"ன்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டா. அப்ப எனக்கு அது புலம்பல் மாதிரிதான் இருந்துச்சு.

ஆனி மாசம் தேர். இந்த வருசம் தேருக்கு முன்னால திரவியம் அண்ணாச்சி நாலு ரதவீதியும் நடந்து வரணும், காலு அடிக்க அடிக்க வடம் நகரணும்னு கமிட்டி முடிவு பண்ணி நோட்டீஸே அடிச்சுட்டாங்க. நாலு ரதவீதி. வாசப்படி தாண்ட முடியாத மனுசன். டாக்டர் மெர்சி நேராவே கோயிலுக்கு வந்து கமிட்டிகிட்ட சொல்லிப் பாத்தாங்க. அவங்களுக்கு ஒரு சால்வை போத்தி, சுண்டல் கொடுத்து அனுப்பிட்டாங்க.

தேரன்னைக்கு காலையில ஊரே தேரடியில நிக்குது. அத்தானுக்குப் பட்டு வேட்டி, நெத்தி நிறைய விபூதி, வலது காலுக்கு மட்டும் ஒரு மாலை. தேர் மண்டபத்துல இருந்து தேருக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பாதி தூரத்துலயே முகம் வேர்த்துக் காலு அடிக்க ஆரம்பிச்சிட்டுது. நாதஸ்வரக்காரர் நிறுத்தினாரு, கூட்டம் அமைதியாச்சு. இசக்கியாபிள்ளை தொண்டையக் கனைச்சுக்கிட்டு, தேரு இழுக்கலாமான்னு கேக்க வாயத் திறக்கதுக்கு முன்னால, எங்க அக்கா கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்து அத்தானுக்கு எதிர்ல நின்னா. அவளுக்குக் குரலே கிடையாது, வீட்டுல கூப்பிட்டா அடுத்த அறைக்குக் கேக்காது. அன்னைக்குத் தேர் உச்சிக்குக் கேட்டுச்சு.

"இவியள இப்பவே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

கணீர்.

இசக்கியாபிள்ளை சிரிச்சுப் பாத்தாரு. "அது ஏதோ தற்செயலா அடிச்சது தாயி."

"தற்செயலா?" என்றா அக்கா. "அப்போ உங்க மூத்த மக கல்யாணத்துக்கு அடிச்சது என்ன அண்ணாச்சி? இந்தத் தையில நீங்க முடிச்ச சம்பந்தம் எல்லாத்துக்கும் அடிச்சது என்ன?"

கூட்டத்துல புதுசா கல்யாணமானவங்க ஒருத்தர ஒருத்தர் திரும்பிப் பாத்தாங்க. சில பேரு பார்வையில கொஞ்சம் நம்பிக்கை கூடத் தெரிஞ்சுது. பத்திரம் பதிஞ்சவங்க, வீடு கட்டினவங்க, சம்பந்திமாருங்க எல்லார் முகமும் வெளிறிப் போச்சு. இந்தக் கணீரு பொய்னா அந்தக் கணீரெல்லாமும் பொய்தான? ஊருல பாதிப் பேரு குடும்பம் அந்தக் காலு மேலதான் நின்னுச்சு. "சாமி உத்தரவு, போகட்டும்"னு ஒரு மாமியார் முதல்ல சொல்ல, எல்லா மாமியாரும் சொன்னாங்க.

இசக்கியாபிள்ளை லேசுல விடுற ஆளா. "சரி சரி, உத்தரவுதான். எப்போன்னு சொல்லலியே. தேர் நிலைக்கு வந்த பிறகு போகலாமான்னு கேப்போம்" என்றாரு. அவர் இதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள அக்கா அத்தான் கையப் பிடிச்சு, தேருச் சக்கரத்துக்குப் போடுற முட்டுக்கட்டை மேல உக்கார வச்சுட்டா. முந்தானையால அவர் முகத்தத் துடைச்சா. மெதுவாத் துடைச்சா. காதுக்குப் பின்னால துடைச்சா, கழுத்தத் துடைச்சா, அவசரமே இல்ல. பிறகு நிமிர்ந்து, "இப்ப கேளுங்க அண்ணாச்சி" என்றா.

"தேரு முடிஞ்சு போகலாமா?"

ஒரு சத்தமும் இல்ல. திரும்பக் கேட்டாரு. காலு ஊமையா இருந்துச்சு. பிறகு குனிஞ்சு காலுகிட்ட வாய வச்சே கேட்டாரு. கூட்டத்துக்கே வெக்கமாப் போச்சு. தேர் வடம் பிடிக்க வந்த ஆளுகளே அத்தானத் தூக்கி வேன்ல ஏத்தினாங்க, மாலையோட.

மதுரையில சோதிச்சுப் பாத்த டாக்டர், இதயத்துக்குப் போற முக்கியமான குழாயே அடைச்சுக் கிடக்கு, நூல் கனத்துக்குத்தான் வழி இருக்குன்னு சொன்னாரு. நாலு தெரு நடக்க விட்டிருந்தா தேரு நிலைக்கு வந்திருக்கும், இவர் வந்திருக்க மாட்டாருன்னாரு. மறுநாளே ஆபரேஷன். இடது கால்ல இருந்து ஒரு ரத்தக் குழாய எடுத்து நெஞ்சுல வச்சுத் தச்சாங்க. வலது காலு மாலையும் மரியாதையும் வாங்கிக்கிட்டுச்சு, வாயத் திறக்காம கிடந்த இடது காலு உயிரக் கொடுத்துச்சு. குடும்பத்துல நடக்கிறதுதான.

ஊருக்கு வந்த பிறகு, தினமும் கொஞ்சங் கொஞ்சமா நடக்கணும், வலிச்சா உக்காரணும், வலி போனா திரும்ப நடக்கணும்னு டாக்டர் மெர்சி சொன்னாங்க. அக்கா கோயிலுக்குப் போயி, ஒருத்தர்கிட்டயும் கேக்காம, பெஞ்சோட ஒரு தலைய அவ பிடிச்சு மறுதலைய என்னப் பிடிக்க வச்சு, வேப்பமரத்தடிக்கே கொண்டு வந்து போட்டா. அத்தான் நடந்தாரு. வலி வந்துச்சு, முன்னளவு இல்ல. சத்தம் மட்டும் வரவே இல்ல. பெஞ்சுல உக்காந்து கெண்டைக்காலத் தட்டித் தட்டிப் பாத்தாரு, சதையத் தட்டினா என்ன கேக்குமோ அதுதான் கேட்டுச்சு.

"நாதம் போயிட்டு ஆவுடை" என்றாரு, கண்ணுல தண்ணி நின்னுச்சு.

"சொல்ல வந்தத சொல்லிட்டுப் போயிட்டு. இனிமே என்னத்துக்கு?" என்றா அக்கா.

ஊரு அவள மன்னிக்கவே இல்ல. நல்லா அடிச்சுக்கிட்டு இருந்த காலக் கொண்டு போயி ஊமையாக்கிட்டு வந்துட்டாளேன்னு தண்ணிப் பைப்படியில பேசினாங்க. ஊருக்கே பொதுவான ஒரு சொத்த ஒரு பொம்பள தன் தாலிக்காகப் பாழாக்கிட்டாளேன்னு ஒரு பெரியவரு என் காதுபடவே வருத்தப்பட்டாரு. தாலியக் காப்பாத்தாம வேற எதைக் காப்பாத்தணும்னு அவர்கிட்ட கேட்டேன்.

ஆடி கழிஞ்சு, மறு பரிசோதனைக்கு நாங்க மூணு பேரும் ரெண்டாவது பஸ்ஸுல மதுரைக்குப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள்ள போனா, நாற்காலி வரிசை பூராத் தெரிஞ்ச முகம். வார்டு தேர்தல்ல ஜெயிச்சவரு இருந்தாரு. பெஞ்ச எடுக்கணும்னு முதல்ல கை தூக்கின கமிட்டி ஆளு இருந்தாரு. காதுபட வருத்தப்பட்ட பெரியவரு இருந்தாரு. எல்லார் கெண்டைக்காலுலயும் கனமா ஒரு துண்டு சுத்திக் கட்டியிருந்துச்சு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி ஆளுக்கொரு சுவரப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஊருல ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, அருள் வந்திருக்குன்னு தம்பட்டம் அடிக்காம, மாசத்தையும் சாமியையும் காரணம் காட்டாம, வலிச்ச வாரமே பஸ் ஏறி வந்திருக்காங்க. கடைசி நாற்காலியில, துண்டு பத்தாம போர்வையையே சுத்திக்கிட்டு, குடையால முகத்த மறைச்சுக்கிட்டு இருந்தாரு இசக்கியாபிள்ளை.

நாங்க எதிர் வரிசையில உக்காந்தோம். நர்ஸ் வந்து அவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அவர் எங்களப் பாக்காம எழுந்து, வராந்தா கடைசியில இருந்த டாக்டர் அறைய நோக்கி மெல்ல மெல்ல நடந்தாரு. பாதி தூரத்துல முகம் சுருங்கிச்சு, பல்லக் கடிச்சாரு, சுவரப் பிடிச்சாரு. அத்தனை போர்வையையும் மீறி உள்ள இருந்து கணீர்னு அடிச்சுது.

அக்கா எழுந்து போயி அவர் கையப் பிடிச்சு, தான் உக்காந்திருந்த நாற்காலியிலேயே உக்கார வச்சா. வலி போற வரைக்கும் பக்கத்துல நின்னா. பிறகு அவர் காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி, அவளோட பழைய சின்னக் குரல்ல சொன்னா:

"நல்ல சகுனம் அண்ணாச்சி."